பனங்காணி நடுவே வீடு: காற்றும் இருளும் தீயும் வரும் வேளையில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கொடிகாமத்துக்கு அப்பால், மூன்று பக்கமும் பனங்காணியும் வடலிப் பற்றையும் சூழ்ந்த வளவொன்றில் வயதான மாமியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வாழ்வதாகவும், கணவர் வெளிநாட்டில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடந்த மாரியில் வேப்பமரம் ஒன்று மின்கம்பிமேல் சரிந்து மூன்று நாள் மின்சாரம் இல்லாமற் போனதையும், அதற்கு முந்திய, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் அயலிலுள்ள ஆளில்லாக் காணி எரிந்து தீ உங்கள் வேலிவரை வந்ததையும் சொல்லி, மரங்களைத் தறித்துவிடலாமா, மின்பிறப்பாக்கி வாங்கலாமா, எந்தக் கட்டத்தில் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி, உதவிக்கு ஆள் வந்து சேர முடியாத ஓர் இரவில் நான் தனியாக எதை முதலில் செய்ய வேண்டும் என்பதே என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். மற்ற மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

முதலில் என்னைப் பற்றி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்விநியோகக் கம்பிகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் எங்கள் ஊரின் அனர்த்தக் குழுவில் சேர்ந்து முதலுதவியும் தீத்தடுப்பும் பயின்றேன். ஆகவே மின்சாரத்தைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்வேன். தீயையும் காயத்தையும் பற்றிச் சொல்வது பயிற்சியில் கற்றது. மரங்களைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் கண்ணால் கண்டது. அதை ஓர் அனுபவசாலியின் கணிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வளவைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வையுங்கள்.

நான் கண்ட மாரிகளில், காற்று வீசிக்கொண்டிருக்கும்போது அடிபட்டவர்களைவிட, காற்று அடங்கிய பின் வரும் இரண்டு மூன்று நாட்களில் அடிபட்டவர்களே அதிகம். காற்று வீசும்போது எல்லாரும் பயந்து உள்ளே இருக்கிறோம். விடிந்து வெயில் எறித்ததும் பயம் போய்விடுகிறது; அப்போதுதான் ஒருவர் ஈர ஓட்டின்மேல் ஏறுகிறார், ஒருவர் ஒழுங்கையில் கிடக்கும் கம்பியைத் தடியால் ஒதுக்குகிறார், ஒருவர் குசினிக்குள் மின்பிறப்பாக்கியை இயக்குகிறார். ஆயத்தம் என்று நாம் செய்வதில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று நாட்களுக்கானதாக இருக்க வேண்டும்.

விழுந்த கம்பியிலிருந்தே தொடங்குகிறேன். ஊர் முழுவதும் இருண்டிருந்தால் கம்பியில் மின்சாரம் இருக்காது என்று நினைப்பதே மிகப் பெரிய ஆபத்து. ஊருக்குள் வரும் உயரழுத்தக் கம்பிகள் 33,000 அல்லது 11,000 வோல்ற்று கொண்டவை. வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று. உருகி எரிந்து கம்பி இறந்துவிடுவதற்கு, விழுந்த கம்பியிலிருந்து நிலத்துக்குப் போதுமான மின்னோட்டம் பாய வேண்டும். நம்முடைய காய்ந்த மணல் நிலமும், இலை மூடிய தரையும், தார் வீதியும் அவ்வளவு மின்னோட்டத்தை இழுப்பதில்லை. ஆகவே கம்பி பொறிகூடக் கக்காமல், சத்தமில்லாமல், உயிரோடு கிடக்கும். மேலும், தடை ஏற்பட்டதும் தானாக நின்று சிறிது நேரத்தில் தானாகவே மீண்டும் மின்சாரத்தை விடும் கருவிகள் சில வழிகளில் உண்டு. ஐந்து நிமிடம் இறந்திருந்த கம்பி ஆறாவது நிமிடம் உயிர் பெறலாம்.

ஒரு மாரிக் காலை இன்னும் கண்முன் நிற்கிறது. விடிந்தும் விடியாத நேரம், மழை விட்டுத் தூறல் மட்டும். ஒழுங்கை ஓரத்தில் முள்ளுக்கம்பி வேலி அருகே பசுமாடு ஒன்று கால்களை விறைத்தபடி கிடந்தது; அதன்மேல் காயமில்லை, சுற்றிலும் அறுந்த கம்பி எதுவும் தெரியவில்லை. மாட்டுக்காரர் அழுதுகொண்டே அதன் கயிற்றைப் பிடிக்கப் போனார். நான் கத்தி அவரை நிறுத்தினேன். வேலியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு போனால், ஏறத்தாழ அறுபது மீற்றருக்கு அப்பால், ஒரு வளைவு தாண்டி, பூவரசங் கதியாலுக்கு மேலாக ஒற்றைக் கம்பி வந்து அந்த முள்ளுக்கம்பியில் உட்கார்ந்திருந்தது. வேலி முழுவதும் உயிரோடு இருந்தது. ஆகவே, காற்று அடித்த மறுநாள் கம்பி வேலி, தகரப் படலை, கொடிக்கயிறாகக் கட்டிய கம்பி ஆகிய எதையும், கண்ணால் முழுமையாகத் தொடர்ந்து பார்க்காமல் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

விழுந்த கம்பிக்குக் குறைந்தது பத்து மீற்றர் விலகி நில்லுங்கள். மின்சாரம் நிலத்தில் குளத்து அலைபோலப் பரவி, விலக விலகக் குறையும்; ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் இடையே உள்ள வேறுபாடே உடலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடும். மாடுகள் இப்படிச் சாவதற்குக் காரணம், அவற்றின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் தூரம் அதிகம், நெஞ்சு நடுவில் இருக்கிறது என்பதுதான். தெரியாமல் கிட்டப் போய்விட்டால் ஓடாதீர்கள்; இரு பாதங்களையும் ஒட்டியபடி, நிலத்தை விட்டுத் தூக்காமல், அரைத்து அரைத்து விலகுங்கள். வாகனத்தின்மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருங்கள். வாகனம் தீப்பற்றினால் மட்டும், வாகனத்தையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, அதேபோல அரைத்து நகருங்கள். மின்தடை அறிவிக்கும் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, ஒழுங்கையின் இரு பக்கமும் ஆளை நிறுத்தி மற்றவர்கள் வராமல் தடுப்பதே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. ஒருவர் கம்பியோடு கிடந்தாலும், அது உயரழுத்தக் கம்பியானால், காய்ந்த தடி கொண்டும் கிட்டப் போகக் கூடாது. இதைச் சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. ஆனால் ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் விழுந்ததைப் பார்த்தவன் நான்.

பலர் அறியாத இன்னொன்று, நடுநிலைக் (நியூட்ரல்) கம்பி அறுதல். மின்சாரம் கொண்டுவரும் மூன்று முனைக் கம்பிகளோடு நடுநிலைக் கம்பியும் சேர்ந்தே நம் வீடுகளுக்கு 230 வோல்ற்றை நிலையாகத் தருகிறது. மரக்கொப்பு விழுந்து நடுநிலைக் கம்பி மட்டும் அறுந்தால், சில வீடுகளில் மின்சாரம் மங்கும். வேறு சில வீடுகளில் அது 400 வோல்ற்றை நெருங்கும். காற்று நேரத்தில் மின்குமிழ் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்று எரிந்தாலோ, மின்விசிறி வெறிபிடித்ததுபோலச் சுழன்றாலோ, யோசிக்காமல் பிரதான ஆளியை நிறுத்துங்கள். மின்சாரம் போன பின்னும் அதை நிறுத்திவிட்டு, அயல்வீட்டு விளக்கு எரிந்து பத்து நிமிடம் கழிந்த பிறகு போடுங்கள். உங்கள் மின்பலகையில், மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியதும் அது விழாவிட்டால், அந்த வீட்டில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

மின்பிறப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டீர்கள். இரண்டு விதிகளை மீறாமல் பாவிக்க உங்களால் முடியுமானால் வாங்குங்கள், முடியாதென்றால் வேண்டாம். முதலாவது, அது வீட்டுக்கு வெளியே, கதவு யன்னல்களிலிருந்து ஆறேழு மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். களவு போய்விடும் என்றும் மழை நனைத்துவிடும் என்றும் பயந்து விறாந்தையிலோ குசினியிலோ வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. யன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் தலைச்சுற்றும் சத்தியும் வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடாமல், உடனே வெளியே போய்விட வேண்டும். நித்திரையில் இருப்பவர் எழும்புவதே இல்லை. குளிருக்காகவோ சமையலுக்காகவோ பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பதும் இதே ஆபத்துத்தான். நான்கு பக்கமும் திறந்த சிறு கொட்டில் போட்டு, நிலத்தில் கொங்கிறீற் கட்டை இட்டுச் சங்கிலியால் பூட்டுங்கள். சூடாக இருக்கும் இயந்திரத்துக்குப் பெற்றோல் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது விதி கம்பியில் வேலை செய்யும் எங்கள் உயிரைப் பற்றியது. இரு பக்கமும் ஆண்முனை கொண்ட வயரொன்றைச் செய்து, மின்பிறப்பாக்கியைச் சுவரிலுள்ள மின்முனையில் செருகி முழு வீட்டுக்கும் மின்சாரம் எடுப்பவர்கள் உண்டு. பிரதான ஆளி நிறுத்தப்படாதிருந்தால் அந்த மின்சாரம் வீதிக்குப் போகும். மின்மாற்றி வழியே பின்னோக்கிப் போய் 11,000 வோல்ற்றாக உயரும். ஒருமுறை நாங்கள் வழியைத் துண்டித்து, உறுதி செய்த பின் கம்பத்தில் ஏற ஆயத்தமானோம்; பழக்கம் காரணமாக என் சக தொழிலாளி மீண்டும் ஒருமுறை சோதனைக் கருவியைக் காட்டினார், கருவி ஒலித்தது. அந்த இடைவெளிக்குள் எங்கோ ஒரு வீட்டில் மின்பிறப்பாக்கியை இயக்கியிருந்தார்கள். அந்த வீட்டார் கெட்டவர்கள் அல்லர், அவர்களுக்குத் தெரியாது. எனவே தகுதியான மின்தொழிலாளியைக் கொண்டு, வீதி மின்சாரத்தையும் மின்பிறப்பாக்கியையும் ஒரே நேரத்தில் இணையவிடாத மாற்று ஆளி பொருத்துங்கள், அல்லது பிரிச்சுக்கும் விளக்குக்கும் தனித்தனியாக நீட்டு வயர் இழுத்துப் பாவியுங்கள். கூரையில் சூரியத் தகடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாதாரண இணைப்பு வீதி மின்சாரம் போனதும் தானாக நின்றுவிடும், ஆனால் பகலில் தகட்டிலிருந்து இறங்கும் வயர்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கூரை உடைந்திருந்தால் அந்த வயர்களைத் தொடக் கூடாது.

உங்கள் நிலைமையில், ஒரு குடும்பத்துக்கு மூன்று நாளைக்குத் தேவையானது வெளிச்சமும் தொலைபேசிக்கு மின்னேற்றமும்தான். மின்னேற்றும் விளக்கு இரண்டும், மின்சேமிப்புப் பொதி ஒன்றும், மின்கல வானொலி ஒன்றும் போதும் என்பது என் கருத்து. தொலைபேசிக் கோபுரங்களும் மின்கலத்தில் சில மணி நேரமே தாக்குப்பிடிக்கும். ஆகவே வானொலியைக் கட்டாயம் வைத்திருங்கள். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கைத் தவிருங்கள். 1990இல் மின்சாரம் நின்ற பின் ஆண்டுக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஊர் நம்முடையது; அதனாலேயே அதன் ஆபத்து நமக்குப் பழகிவிட்டது. குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத, சரிந்தாலும் உருளாத, மூடி கழன்று எண்ணெய் சிந்தாத விளக்கொன்றை வடிவமைத்து, அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். மார்மைட் போத்தலின் குட்டையான, பாரமான உருவமே அவருக்கு வழிகாட்டியது. விளக்கு ஏற்றியே ஆக வேண்டுமானால், குட்டையான, தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட கனத்த போத்தலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், நுளம்பு வலைக்குத் தூரமாக வையுங்கள்.

இனி மரங்கள். பனைகளைத் தறிக்காதீர்கள். தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, காற்றைத் தாங்கி அதன் வேகத்தை உடைத்து விடுவதில் பனைக்கு நிகரான மரத்தை நான் பார்க்கவில்லை. விழுபவை வேறு: முருங்கை முறியும், தென்னை சாயும், சாயாவிட்டாலும் மட்டையும் குரும்பையும் எறியும், சுண்ணாம்புக்கல் மேலாக இருக்கும் இடங்களில் வேம்பும் மாவும் வேரை ஆழமாக விட முடியாமல் தட்டுப்போல மண்ணோடு பெயர்ந்து விழும். அடிமரத்தில் கோறை, ஒரு பக்கச் சாய்வு, வேரடியில் புதிய வெடிப்பு ஆகிய மூன்றையும் ஆவணி, புரட்டாதியில் பார்த்து, வீட்டை எட்டக்கூடிய மரத்தை மட்டும் கவனியுங்கள். கொப்புகளை ஐதாக்கலாம், ஆனால் மரத்தின் தலையை மொட்டையாக வெட்டுவது தவறு, ஏனெனில் அதன் பின் துளிர்க்கும் கொப்புகள் வலுவில்லாமல் ஒட்டியிருந்து அடுத்த காற்றில் பிளந்து விழும். மின்கம்பிக்குக் கிட்ட உள்ள கொப்பை நீங்கள் வெட்டவே கூடாது. இரும்புக் குழாயில் செய்த கொக்கத்தடியை அந்தப் பக்கம் கொண்டு போகவும் கூடாது.

காற்றின் போக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்காள விரிகுடாப் புயல்கள் நமக்குப் பெரும்பாலும் ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை வருகின்றன. 1964 டிசெம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் அழித்ததும், 2008 நவம்பரில் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷாவும், 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரேவியும் இந்தக் காலத்தில் வந்தவையே. புயல் தென்கிழக்கில் இருக்கும்போது நமக்கு வடக்குப் பக்கமிருந்து வாடைக்காற்று அடிக்கும். அது நம்மைக் கடந்து மேற்கே போனதும் கிழக்குக் காற்றான கொண்டலாகவோ தென்காற்றாகவோ மாறும். புயலின் மையமே மேலாகக் கடந்தால் இடையில் காற்று நின்றுவிடும், பின் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். முதற் காற்றில் வேர் தளர்ந்த மரம் இரண்டாவது காற்றில்தான் விழுகிறது. ஆகவே அந்த அமைதியில் முற்றத்துக்கு இறங்கிப் பார்க்காதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதால், சிறிய காற்றைத் தாங்கிய சீற் கூரை பெரிய காற்றையும் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது. அமுக்கம் சமப்படுவதற்காக யன்னலைத் திறந்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வது தவறு. உள்ளே புகுந்த காற்றுத்தான் கூரையைக் கிளப்பும். எல்லாவற்றையும் சாத்தி, வெளிச்சுவரும் யன்னலும் இல்லாத உள்ளறையில், இருந்தால் கொங்கிறீற் மேற்றளம் உள்ள குளியலறையில் இருங்கள்.

எப்போது புறப்படுவது? உங்கள் கூரை சீற்றோ கிடுகோ ஆனால், அல்லது வளவு கடல்நீரேரியை ஒட்டிய பள்ளமானால், காற்றுத் தொடங்குவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், எச்சரிக்கை வந்ததும் புறப்படுங்கள். ஓடும் கற்சுவரும் உள்ள வீடானால், பெரிய மரம் ஒன்று கூரையை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதே முடிவு செய்யும். குடாநாட்டை விட்டு வெளியேற ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டிப் பாலமும் மட்டுமே உண்டு. இரண்டும் திறந்த நீர்வெளியில் காற்றை நேரே வாங்குபவை. ஆகவே தூரப் போக நினைக்காமல், கிட்டவுள்ள பாடசாலையையோ கோயில் மண்டபத்தையோ கிராம அலுவலரிடம் கேட்டு இப்போதே தெரிந்து வையுங்கள். மாமி நடக்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்று ஒருநாள் கூடவே நடந்து பாருங்கள். வீட்டில் நோயாளியோ முதியவரோ இருந்தால் மற்றவர்களுக்கு ஒரு கட்டம் முன்பாகவே கிளம்புவதே சரி. எச்சரிக்கையையும் உதவியையும் அறிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, தீயணைப்புக்கு 110 ஆகிய இலக்கங்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

மின்சாரம் இல்லாத நாளில் பலருக்குக் கடைசியாக நினைவுக்கு வருவது தண்ணீர். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும், அள்ள வழி இருக்காது. மோட்டார் வந்ததும் கப்பியைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டோம். இன்றே கப்பி, கயிறு, வாளி மூன்றையும் தேடி எடுத்துக் கிணற்றடியில் மாட்டுங்கள். தீக்கும் இதுவே உங்கள் முதல் ஆயுதம். வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்திருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இட்டுச் சொல்லும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் உள்ளே தொடர்புபடுவது எளிது. பிரிச்சைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். பிறகு இறைச்சி, மீன், பால் ஆகியவற்றை மணந்து பார்த்து முடிவு செய்யாமல் கழித்துவிடுங்கள். மாமி இன்சுலின் போடுபவரானால், பாவனையில் உள்ள குப்பியைக் குளிர்ச்சியான அறையில் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம்; பனிக்கட்டியோடு ஒட்ட வைத்து உறைய விட்டால் அது பயனற்றுப் போகும். எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறுவதால், அதை இப்போதே உங்கள் வைத்தியரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

தீயைப் பற்றிச் சொல்லும்போது, காற்றும் மின்சாரமும் தீயும் வெவ்வேறு அனர்த்தங்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பலத்த காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் உருகிய உலோகத் துளிகள் கீழே விழும். காய்ந்த புல்லுக்கு அது போதும். 2023 ஓகஸ்ட் 8ஆம் திகதி ஹவாயின் லஹைனா நகரில், காற்றில் அறுந்த கம்பிக்கு மீண்டும் மின்சாரம் வந்தபோது காலையில் தீப்பற்றியது. அணைத்துவிட்டோம் என்று நினைத்த அந்தத் தீ பிற்பகலில் மீண்டும் எழுந்து நகரையே எரித்து, நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அங்குள்ள மலையும் புல்லும் வேறு, நம் சமதரை வேறு. ஆனால் அணைந்த தீ மீண்டும் எழும் என்பது நமக்கும் பொருந்தும்: பன்னாடைக்குள்ளும் பட்ட பனங்குற்றிக்குள்ளும் நெருப்பு நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையும் போய்ப் பாருங்கள்.

பனங்காணித் தீ மேலே ஏறுவது, காய்ந்த பனையோலையான காவோலையால்தான். நிலத்தில் புல்லாக ஓடும் தீ, மரத்தோடு தொங்கும் காவோலையைப் பிடித்ததும் ஒரே மூச்சில் மர உச்சியிலுள்ள வட்டுக்குப் போய்விடும். அங்கிருந்து எரியும் ஓலைத் துண்டுகளைச் சோளகம் வளவு கடந்து கொண்டு வந்து போடும். வீடுகள் பெரும்பாலும் தீச்சுவாலை நேரே தொட்டு எரிவதில்லை, இப்படிப் பறந்து வரும் தணலால் எரிகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. எனவே மாசி, பங்குனிக்குள் வீட்டுக்கு அண்மைப் பனைகளின் காவோலையை வெட்டுவித்து, சோளகம் தொடங்கு முன் அவற்றை வளவிலிருந்து அகற்றுங்கள். சுவரை ஒட்டிய ஒன்றரை மீற்றருக்குள் விறகு, மட்டை, கிடுகுக் கட்டு எதுவும் வேண்டாம். கிடுகு வேலி வீட்டோடு வந்து முட்டும் இடத்தில் கடைசி மூன்று நான்கு மீற்றரையாவது தகரமாகவோ மதிலாகவோ மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலிதான் திரி. பீலியில் சேர்ந்த சருகைக் கூட்டித் தள்ளுங்கள். பத்து மீற்றர் வெளி விட வேண்டும் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வது அங்குள்ள ஊசியிலைக் காடுகளை வைத்து. நம் வடலிக்கு அதே அளவு போதுமா என்பதில் என்னால் அவ்வளவு உறுதியாக இருக்க முடியாது, ஆகவே அதைக் குறைந்த அளவாகக் கொள்ளுங்கள். குப்பையைச் சோளகக் காலத்தில் கொளுத்தாதீர்கள், காலையில் காற்று இல்லை என்றாலும்.

அயல் காணியில் தீ எழுந்தால், முதலில் 110க்கு அறிவித்து, பிள்ளைகளையும் மாமியையும் காற்று வரும் பக்கமாக, எரிந்து முடிந்த அல்லது வெறும் நிலம் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். எரிவாயுச் சிலிண்டரை மூடுங்கள், யன்னல்களைச் சாத்துங்கள். இடுப்பளவுக்குக் கீழான புல்தீயை, பின்னால் தப்பும் வழி இருந்தால் மட்டும், பச்சைக் கொப்பால் அடித்து அணைக்கலாம். அதற்கு மேலானதை விட்டு விலகுங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டினால் சூட்டுக்கும் சாம்பலுக்கும் சிறிது ஆறுதல், ஆனால் நுண்ணிய புகைத்துகளை அது தடுக்காது. எரிகாயம் பட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓட விட வேண்டும்; பற்பசையும் எண்ணெயும் வேண்டாம்.

உங்கள் ஊர் முகமாலைக்கு அதிக தூரமில்லை என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்துவரும் பகுதி அது. ஆள் புழக்கமில்லாத பற்றைக்குள் வெடிக்காத குண்டோ கண்ணியோ இருந்தால் தீச்சூட்டில் அது வெடிக்கும். எரியும் பற்றைக்குள் அணைப்பதற்காகக்கூட நுழையாதீர்கள். உங்கள் எல்லையில் நின்று தணலை மட்டும் பாருங்கள். தீ அணைந்த பின்னும், வெள்ளம் வடிந்த பின்னும், மரம் வேரோடு பெயர்ந்த குழியிலும், இரும்புத் துண்டு போலத் தெரிவதைத் தொடாமல் 119க்கு அறிவியுங்கள். பிள்ளைகள் இதை நம் தலைமுறை அறிந்ததுபோல அறிந்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கு நேரில் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் செய்ய முடியாது. இப்போது ஆனி, சோளகம் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே சுவரோரத்து விறகையும் வேலி முனையையும் முதலில் பாருங்கள், அடுத்து கப்பியை மாட்டுங்கள். வேம்பை ஆவணியில் பார்க்கலாம். பிரதான ஆளியை இருட்டில் தடவிப் போய் நிறுத்த மாமிக்கும் மூத்த பிள்ளைக்கும் இன்றிரவே ஒருமுறை காட்டிவிடுங்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, அவர்களைச் செய்ய விட்டுப் பாருங்கள். வளவின் படமொன்றை, வீடு, கிணறு, மின்கம்பி, பெரிய மரங்கள் எங்கே என்று குறித்து இங்கே இட்டால், கம்பியின் பக்கத்தைப் பற்றி இன்னும் திட்டவட்டமாகச் சொல்கிறேன்.